ஐந்தாம் பெட்டிக்கு ஒரு குரல்

மெதுவக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும், "அப்படி இங்க யாரும் இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்கள். மெதுவக்கா எங்கே என்று கேட்டால் போதும், லிஃப்ட்காரரிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோரும் இரண்டாவது மாடி, கண்ணாடிக் கதவு என்று வழி காட்டுவார்கள்.

மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளுக்கான வார்டு அது. எட்டுக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்தால் அடங்கிவிடுகிற ஓர் உயிர். அங்கே கதவைச் சத்தமாகச் சாத்தினால் மெதுவக்கா "மெதுவா" என்பாள். டாக்டர் பேனாவைப் பெட்டியின் மேல் வைத்தால் "மெதுவா சார்" என்பாள். கண்ணாடி மேல் எதை வைத்தாலும் அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கோடாலி வெட்டு மாதிரி கேட்கும் என்பது அவள் கட்சி. இடி இடித்தால் வானத்தைப் பார்த்தும் சொல்லியிருப்பாள். வார்டுக்கு ஜன்னல் இல்லாததால் வானம் தப்பியது.

அவள் நர்ஸ் இல்லை. உதவியாளர். துணி துவைக்கும் பிரிவில் இருந்தவளை, வேறொருத்தி பிரசவ லீவில் போனாள் என்று பத்து நாளைக்கென்று இந்த வார்டுக்கு அனுப்பினார்கள். லீவில் போனவள் திரும்பி வரவே இல்லை. மெதுவக்காவைத் திருப்பிக் கூப்பிட யாருக்கும் நினைவும் வரவில்லை. பத்து நாள் பத்தொன்பது வருடமாகிவிட்டது. நடுவில் ஒருமுறை துணிப் பிரிவு மேஸ்திரி படியேறி வந்து, "என்னம்மா, எப்போ கீழ வர்றே?" என்று கேட்டபோது, "மெதுவா வர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

சுத்தம் அவளுக்கு ஒரு பைத்தியம். நான் சொல்லவில்லை, அவள் கணவரே சொல்கிறார். அவர் மாணவர் விடுதி ஒன்றில் சமையல்காரர். நூறு பேருக்குச் சமைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே கை, கால், முழங்கை என்று கழுவிய பிறகுதான் உள்ளே விடுவாள். வீட்டில் டிவி ரிமோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. மாப்பிள்ளை வாங்கிக்கொடுத்த போனுக்கு இரண்டு. "என்னையும் ஒரு உறைக்குள்ள போட்டுட்டா உனக்கு நிம்மதி" என்பார் கணவர். அவள் சிரிக்க மாட்டாள், யோசிப்பாள்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை ஏழு மாதம் வயிற்றுக்குள் கேட்டுப் பழகிய குரல் அம்மாவின் குரல் ஒன்றுதானே. பெட்டிக்குள் வந்ததும் அது அறுந்து போகிறது. அதனால் பெட்டிக்குப் பக்கத்தில் வர முடியாத அம்மாவைப் பேசச் சொல்லி, பாட்டு கேட்கும் ஒரு சின்ன பிளேயரில் பதிந்து, குழந்தையின் தலைமாட்டில் மிகமிகத் தணிந்த ஒலியில் ஓடவிடுவார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான பிளேயர், வார்டுக்கே ஒன்றுதான். முன்பு இருந்த ஒரு டாக்டர் தன் கைக்காசில் வாங்கி வைத்துவிட்டு மாற்றலாகிப் போனார். இப்படியான குழந்தைகள் சில நேரம் மூச்சு விட மறந்துபோகும். ஆமாம், மறந்துதான் போகும். மானிட்டர் கத்தும், யாராவது ஓடிப்போய்ப் பாதத்தைத் தடவி நினைவூட்டுவார்கள். அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் மறதி குறைகிறது என்று மெதுவக்கா சத்தியம் செய்வாள். டாக்டர்கள் சத்தியம் செய்ய மாட்டார்கள், ஆனால் வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

ஒரு குழந்தை வீட்டுக்குப் போனதும் பிளேயரை பார்மேட் செய்து, உள்ளே இருப்பதை முழுசாக அழித்துவிட்டுத்தான் அடுத்த குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். இது பெரிய சிஸ்டர், அதாவது வார்டின் தலைமை நர்ஸ், போட்ட சட்டம். ஒருமுறை பழைய பதிவு ஒன்று மிச்சமிருந்து, வேறொருத்தியின் தாலாட்டைத் தன் பிள்ளை கேட்டுத் தூங்குவதைப் பார்த்து ஒரு அம்மா சுவரில் சாய்ந்து அழுததிலிருந்து இந்தச் சட்டம். ஒரு பெட்டிக்கு ஒரு குரல். பார்மேட் செய்யும் பொறுப்பு மெதுவக்காவுடையது. மெனுவில் கீழே போய், 'பார்மேட்' என்பதை அழுத்தி, 'நிச்சயமா?' என்று அது கேட்டால் 'ஆம்' என்று அழுத்த வேண்டும். மூன்று நொடி. ஆறு வருடமாகச் செய்கிறாள்.

அன்றைக்கு அது முடியாது என்றுவிட்டது.

அன்றைக்கென்று பார்த்து ஐந்தாம் பெட்டிக்கு அம்மாவின் குரல் தேவைப்பட்டது. ஐந்தாம் பெட்டியில் ஒன்பது நாள் வயதான பெண் குழந்தை. ஒரு கிலோவுக்கு ஒரு கை அரிசி குறைச்சல். அதன் அம்மா டவுன் பஸ்ஸில் கண்டக்டர். வயிற்றில் பிள்ளையோடு ஏழு மாதம் டிக்கெட் கிழித்தவள். மூச்சு வாங்குகிறதே என்று காட்டப்போன இடத்தில் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருப்பது தெரிந்து, பிள்ளையை அவசரமாக வெளியே எடுத்திருந்தார்கள். இதுவரை தினமும் சக்கர நாற்காலியில் வந்து, பெட்டியின் வட்டத் துவாரத்தில் வாயை வைத்துப் பேசிவிட்டுப் போனாள். அதனால் பிளேயர் தேவைப்படவில்லை. இன்று மாலை நான்கு மணிக்கு ஆம்புலன்ஸ் வருகிறது. வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி. நாளைக் காலை ஆபரேஷன். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் திரும்பி வர ஒரு மாதமாவது ஆகும். வருவாளா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கண்டக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என் குரல் அவ பக்கத்துல ஓடுறத என் கண்ணால பாத்துட்டுத்தான் வண்டியில ஏறுவேன்."

மதியம் ஒன்றரை மணிக்கு மெதுவக்கா பிளேயரை எடுத்து 'ஆம்' என்று அழுத்தினாள். 'முடியவில்லை' என்று திரையில் வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி முடியவில்லை. சார்ஜ் குறைச்சலோ என்று அரை மணி நேரம் சார்ஜ் போட்டாள். சார்ஜ் ஏறியது, பிடிவாதம் இறங்கவில்லை. அணைத்துப் போட்டாள், போட்டு அணைத்தாள். பாட்டு கேட்பதற்கு மட்டும் அதற்கு எந்தத் தடையும் இல்லை. போன குழந்தையின் அம்மா ஒரு பள்ளிக்கூட டீச்சர். என்ன பேசுவதென்று தெரியாமல் வாய்ப்பாடு சொல்லியிருந்தாள். "ஆறெட்டு நாப்பத்தெட்டு, ஏழெட்டு அம்பத்தாறு" என்று பிளேயர் கணீரென்று ஒப்பித்தது.

மெதுவக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் மற்றவர்கள் மேல்தான் வரும். "யாரு இதை எடுத்து நோண்டினது?" என்று இளம் நர்ஸுகள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டாள். அவர்கள் தொடவே இல்லை என்றார்கள். "தொடாமலா இப்படி ஆகும்?" என்றாள். பிறகு, வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். மாப்பிள்ளை போன் கடையில் வேலை பார்க்கிறவர்.

"அத்தை, ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"பண்ணிட்டேன் மாப்பிள்ள."

"அப்ப ஒயரை மாத்திப் பாருங்க. கம்ப்யூட்டர்ல சொருகி, அங்கேருந்து பார்மேட் குடுங்க. பிளேயர் கேக்கலன்னாலும் கம்ப்யூட்டர் சொன்னா கேக்கும்."

"கம்ப்யூட்டர் சொன்னா கேக்குமா? நான் சொன்னா கேக்காதா?"

"அத்தை, இது நம்ம வீடு இல்ல அத்தை."

மாப்பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் சொன்னதில் விஷயம் இருந்தது. கீழே ஆவணப் பிரிவுக்குப் போனாள். அங்கே ஆஸ்பத்திரியின் கணினிகளையெல்லாம் மேய்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் சிஸ்டம் சார். யார் எந்தக் கோளாறோடு வந்தாலும் "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அன்றைக்கு அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். ஐந்தாம் பெட்டி, நான்கு மணி, கண்டக்டரம்மா என்று மெதுவக்கா மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும், வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்காமல் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்த மூடிய டப்பாவுக்காக மெதுவக்கா இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறாள்.

பிளேயரைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது. "இது என்னக்கா, இத்தனை குண்டா இருக்கு?"

"டேப்பு சார். தண்ணியில கழுவ முடியாதுல்ல. அதான் கண்ணாடி டேப் சுத்தி வெச்சிருக்கேன். மேல ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக்கலாம்."

ஒவ்வொரு புதுக் குழந்தைக்கும் ஒரு புதுச் சுற்று. பழைய சுற்றைப் பிரித்தால் பசை ஒட்டிக்கொள்ளும், பசையில் அழுக்கு சேரும், ஆகவே பிரிப்பதில்லை. மேல் மேலேயே சுற்றிக்கொண்டு வந்தாள். ஒயர் சொருகும் துளைக்கு மட்டும் கத்தியால் நறுக்கென்று ஒரு வாசல். பொத்தான்களை டேப்போடு சேர்த்துத்தான் அழுத்த வேண்டும்.

சிஸ்டம் சார் கணினியில் சொருகினார். கணினி அதைக் கண்டுபிடித்தது, உள்ளே இருப்பதைக் காட்டியது. பார்மேட் கொடுத்தார். 'எழுத அனுமதி இல்லை' என்றது. வேறு ஒயர். அதே பதில். வேறு கணினி. அதே பதில். வைரஸ் தேடினார், இல்லை. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து மூன்று நான்கு கட்டளைகளை அடித்தார். அதே பதில், இந்த முறை ஆங்கிலத்தில். வாய்ப்பாட்டை மட்டுமாவது அழிக்கலாம் என்று பார்த்தார். அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

"இது கேக்க விடுது, தொட விடமாட்டேங்குது. உள்ள இருக்கற சிப்பு வயசாகிப் போச்சுன்னாலும் இப்படி ஆகும்" என்றார். "கடைசியா ஒண்ணு. இதுல எங்கியாவது ரீசெட் ஓட்டை இருக்கும், ஊசியால குத்தினா பழைய நிலைக்கு வந்துடும். மேல சுத்தியிருக்கறதைப் பிரிச்சுப் பாக்கலாமா?"

மெதுவக்கா பிளேயரைப் பிடுங்காத குறையாக வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "அதை மட்டும் பிரிக்காதீங்க சார். பிரிச்சா உள்ள ஈரம் இறங்கிடும். அப்புறம் அதைப் பெட்டிக்குள்ள வைக்க பெரிய சிஸ்டர் விடமாட்டாங்க. நானே விடமாட்டேன்."

மணி மூன்றே கால். புதிதாக வாங்கி வரலாம் என்றால், பதிவும் செய்கிற பிளேயர் இந்தக் காலத்தில் எந்தக் கடையில் கிடைக்கிறது. மாப்பிள்ளையின் போன் கடையிலேயே அது கிடையாது. பிளேயருக்குப் பதில் போனை வைக்கலாம் என்றால், போன வருடம் ஒரு தொற்று வந்து மூன்று பெட்டிகளைப் படாதபாடு படுத்தியதிலிருந்து கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனே போகக் கூடாது. அந்தச் சட்டத்துக்காகச் சண்டை போட்டவர்களில் முதல் ஆள் மெதுவக்காதான்.

சிஸ்டம் சார் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அந்த டீச்சரம்மா குரலே ஓடட்டும். கண்ணாடிக்கு வெளிய இருக்கறவங்களுக்குக் கேக்கவா போகுது? பச்சை லைட் எரியறது தெரியும். நிம்மதியா வண்டியில ஏறுவாங்க. அவங்க குரலை என் போன்ல பதிஞ்சு வெச்சுக்கறேன். ரெண்டு நாள்ல வேற பிளேயர் எங்கியாவது புடிச்சு ஏத்திடலாம். உயிர் விஷயம் இல்லியா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணவர் கெஞ்சியும் டாக்டர் மிரட்டியும் கேட்காத ஒருத்தியை நான்கு மணிக்கு வண்டியில் ஏற்ற வேறு வழியும் இல்லை. மெதுவக்கா படியேறினாள். லிஃப்ட் இருந்தது. படியேறினால் யோசிக்க நேரம் கிடைக்கும் என்று படியேறினாள். இரண்டு மாடி யோசித்ததில், சார் சொன்னதே சரி என்று ஆகிவிட்டது.

மேலே கண்ணாடிக் கதவுக்கு வெளியே தள்ளுவண்டிக் கட்டிலில் கண்டக்டரம்மா தயாராகக் கிடந்தாள். கையில் மருந்துக் குழாய், மூக்கில் ஆக்சிஜன். இந்தக் கோலத்தில் அவளை உள்ளே விட முடியாது. பக்கத்தில் அவள் கணவர், அவரும் டவுன் பஸ்ஸில் டிரைவர், காகிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நட்டநடுச் சாலையில் எத்தனை டன் வண்டியையும் நிறுத்தத் தெரிந்தவர், மனைவியை இந்த இடத்தை விட்டு நகர்த்தத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மெதுவக்கா முழங்கை வரை கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பிளேயரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஐந்தாம் பெட்டியின் தலைமாட்டில் வைத்து அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. பெட்டிக்குள் ஆறெட்டு நாற்பத்தெட்டு ஓடியது. கண்ணாடிக்கு வெளியே தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் வெளிச்சம் வந்ததை இவள் உள்ளேயிருந்தே பார்த்தாள். பார்த்ததுதான் தப்பாகப் போயிற்று. பிளேயரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஓடுதாக்கா?" என்றாள் கண்டக்டரம்மா. "ஆனா நான் இன்னும் பேசவே இல்லியே. பேசினப்புறம்தானே ஓடணும்?"

சொல்வதற்குப் பொய் தயாராகவே இருந்தது. நேற்று நீங்கள் பேசியதைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்தே பதிந்துவிட்டேன் என்று படியேறும்போதே கோர்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

"ஓடுதும்மா. ஆனா அது உங்க குரல் இல்ல. வேற ஒரு அம்மாவோடது."

டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். மெதுவக்கா நிறுத்தவில்லை. பார்மேட் ஆகவில்லை என்பது, ஒயர் மாற்றியது, கணினி மாற்றியது, மாப்பிள்ளை, சிஸ்டம் சார், இவளை ஏமாற்றி அனுப்பலாம் என்று இரண்டு மாடி யோசித்தது வரைக்கும் சொல்லிவிட்டாள். சொல்லச் சொல்லக் கண்ணீர் வந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு குழந்தையின் அம்மாவுக்கு முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. "என்ன மன்னிச்சிடுங்கம்மா. என்னால முடியல. நீங்க ஏறிப் போங்க. உங்க பொண்ணு காலை நான் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன்."

கண்டக்டரம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. "எங்க, குடுங்க அதை" என்று குழாய் இல்லாத கையை நீட்டினாள்.

வாங்கி, ஒரு பயணி நீட்டிய கிழிந்த நோட்டைப் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள்.

"இது எத்தனை சுத்துக்கா?"

"ஒரு பிள்ளைக்கு ஒரு சுத்தும்மா. நாப்பது இருக்கும். ஏன்?"

"எங்க டிக்கெட் மிஷினையும் மழைக் காலத்துல இப்படித்தான் பிளாஸ்டிக் போட்டு இறுக்கிச் சுத்துவோம். இறுக்கம் ஜாஸ்தியாச்சுன்னா உள்ளுக்குள்ள ஏதாவது பட்டன் அமுங்கிக்கிட்டு நின்னுடும். டிப்போக்காரர் வந்து, மிஷின் போச்சு, மாத்தணும்பாரு. பிளாஸ்டிக்கைக் கழட்டினா நல்லா ஓடும். எனக்கே ரெண்டு தடவை ஆயிருக்கு." மூச்சு வாங்க நிறுத்தினாள். "இதுல பக்கத்துல ஏதாவது பட்டன் உண்டா?"

மெதுவக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த டாக்டர் பிளேயரைக் கையில் கொடுத்தபோது, பக்கவாட்டில் அரிசியளவு ஒரு தள்ளு பொத்தானைக் காட்டி, "இது பூட்டு. கீழ தள்ளிட்டா கேக்க மட்டும்தான் முடியும், அழிக்கவோ பதியவோ விடாது. இதைத் தொடாதீங்க" என்றிருந்தார். தொடக்கூடாது என்றுதானே அதன் மேலேயே முதல் சுற்றைப் போட்டாள். போன வாரம் டீச்சரம்மாவின் குழந்தை போன அன்று, பார்மேட் செய்துவிட்டு டேப் சுற்றுவதற்குப் பதிலாக, அவசரத்தில் முதலில் டேப்பைச் சுற்றியிருந்தாள். அதுவும் கீழ்நோக்கி, இழுத்து, நன்றாக இறுக்கி.

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு நர்ஸுகளையும் திட்டியது, சிஸ்டம் சாரைத் தொடவிடாமல் தடுத்தது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பிளேயரைக் கெடுத்தது வைரஸும் இல்லை, வயசும் இல்லை. அவள் கைதான்.

"நான்தான்மா. நான்தான் இதைப் பூட்டி வெச்சிருக்கேன்" என்றாள்.

நர்ஸ் ஒருத்தி கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். மெதுவக்கா தன் கையாலேயே வெட்டினாள். வெங்காயம் மாதிரி சுற்றுச் சுற்றாக வந்தது. கண்டக்டரம்மாவின் வயிற்றின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் டேப் குவிந்துகொண்டே போனது. கடைசிச் சுற்றும் வந்தபோது, அதோடு ஒட்டிக்கொண்டு கீழே இறங்கியிருந்த அந்தச் சின்னப் பொத்தான் தெரிந்தது. நகத்தால் மேலே தள்ளினாள். டக்கென்று ஏறிக்கொண்டது. மெனுவில் கீழே போனாள், 'பார்மேட்', 'ஆம்'. ஒன்று, இரண்டு, மூன்று. 'முடிந்தது.'

மூச்சிரைக்க அப்போதுதான் வந்து சேர்ந்த சிஸ்டம் சார், "நேத்து வரைக்கும்…" என்று ஆரம்பித்துவிட்டு, டேப் குவியலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

மெதுவக்கா திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றாள். கண்டக்டரம்மா அந்தக் குவியலைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள். பிறகு தன் கணவரைப் பார்த்து, "பாத்தீங்களா" என்றாள். "நம்ம புள்ள பக்கத்துல வைக்கற ஒரு சாமானுக்கு இத்தனை சுத்து சுத்தற ஆள்கிட்ட விட்டுட்டுப் போறோம். நான் ஒம்பது நாளா எதுக்குப் பயந்துக்கிட்டிருந்தேன்னு தெரியல." மெதுவக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பொய் சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்கா. ஆனா வழி பூரா நெஞ்சு அடிச்சுக்கிட்டே போயிருப்பேன்."

ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது, அலுங்காமல் தூக்குவது, பாதத்தைத் தடவி மூச்சை நினைவூட்டுவது, இவ்வளவுதான் தெரியும் தனக்கு என்று நினைத்திருந்தவள் அவள். செய்த தப்பையே எடுத்து ஒருத்தி தனக்கு மாலையாகப் போடுவாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. நன்றி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பிளேயரை நீட்டி, "பேசுங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"என்ன பேசறதுன்னே தெரியலியே."

"வயித்துக்குள்ள இருக்கும்போது என்ன கேட்டாளோ அதையே பேசுங்க."

கண்டக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூக்குக் குழாயைக் கொஞ்சம் விலக்கினாள். பிறகு, அந்த வராந்தாவே ஒரு பஸ் என்பதுபோல, அவளுடைய வழித்தடத்தின் முதல் நிறுத்தத்திலிருந்து ஆரம்பித்தாள். பெயர் பெயராகச் சொன்னாள். நடுநடுவே, "உள்ள வாங்க, உள்ள வாங்க, நடுவுல இடம் இருக்கு. படியில நிக்காதீங்கம்மா. ஏறுங்க, மெதுவா ஏறுங்க, வண்டி நிக்கும். யாரையும் விட்டுட்டுப் போகமாட்டோம்" என்றாள். இருபத்திரண்டு நிறுத்தம். டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நான்கு மணி இருபது நிமிடத்துக்குப் பிளேயர் ஐந்தாம் பெட்டிக்குள் போனது. ஒரே ஒரு சுற்று டேப்போடு, பூட்டுக்கு ஒரு வாசல் விட்டு. பச்சை விளக்கு எரிந்தது. குழந்தை காலை ஒருமுறை உதைத்தது. கண்ணாடிக்கு வெளியே கண்டக்டரம்மா இரண்டு விரலை வாயில் வைத்தாள், விசிலடிக்கப் போகிறவள்போல. அடிக்கவில்லை. வார்டின் சட்டம் தெரியும் அவளுக்கு. "ரைட், போலாம்" என்று மெதுவாகச் சொன்னாள். தள்ளுவண்டி நகர்ந்தது.

அதற்குப் பிறகான முப்பத்திமூன்று நாளும் அந்த வழித்தடம் ஐந்தாம் பெட்டிக்குள் ஓடியது. மெதுவக்காவுக்கு நிறுத்தங்கள் மனப்பாடம் ஆகிவிட்டன. துடைப்பம் போடும்போதே முணுமுணுப்பாள். குழந்தை மூச்சு விட மறந்த நாட்கள் இருந்தன, ஓடிப்போய்ப் பாதத்தைத் தடவினார்கள். பிறகு மறக்காத நாட்கள் வந்தன. ஒரு கிலோ எண்ணூறு கிராம் ஆனபோது பெட்டியை விட்டுத் தொட்டிலுக்கு மாற்றினார்கள். அந்த ஊரிலிருந்து டிரைவர் தினமும் போன் செய்தார். ஆபரேஷன் முடிந்தது, கண் விழித்தாள், உட்கார்ந்தாள், நாலு அடி நடந்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் மெதுவக்கா வராந்தாவில் நின்று யாருக்கென்று தெரியாமல் கைகூப்பினாள்.

முப்பத்திநான்காம் நாள் கண்டக்டரம்மா நடந்தே வந்தாள். லிஃப்டிலிருந்து கண்ணாடிக் கதவுவரை, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆனால் நடந்து. ஆபரேஷனுக்குத் தொண்டையில் போட்ட குழாயால் குரல் கட்டியிருந்தது. காற்று மட்டும்தான் வந்தது. முழங்கைவரை கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து மகளைத் தூக்கினாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது. அவள் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற மெதுவக்காவுக்கே கேட்கவில்லை. குழந்தைக்குக் கேட்டதுபோல இருந்தது. கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

வீட்டுக்குக் கிளம்பும் நேரம். பிளேயரை பார்மேட் செய்ய வேண்டும். மெதுவக்கா மெனுவில் கீழே போய் நின்றாள். 'நிச்சயமா?' என்று திரை கேட்டது. விரல் வரவில்லை.

"இருக்கட்டும்மா. உங்களுக்குத் தொண்டை சரியாகற வரைக்கும் இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. டாக்டர் ரெண்டு மாசம் ஆகும்னாராமே. பெரிய சிஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன். புள்ளைக்கு இந்தக் குரல்தானே பழக்கம்."

கண்டக்டரம்மா பெட்டிகளை வரிசையாகப் பார்த்தாள். இரண்டாம் பெட்டியில், காலையில் வந்த ஒரு சின்ன உயிர் கையைக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அதோட அம்மா எங்க?" என்று காற்றாகக் கேட்டாள்.

"கீழ வார்டுல. எழுந்து வர நாலு நாள் ஆகும்."

கண்டக்டரம்மா மகளை ஒரு கையில் சாய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் மெதுவக்காவின் விரலைப் பிடித்துத் தன் விரலோடு சேர்த்து, 'ஆம்' மீது வைத்தாள்.

"அழிச்சிடுவோம்கா" என்றாள். "அதான் நானே வந்துட்டேனே."